காபி குடித்தால் தொப்பை போடுமா? டம்ளருக்குள் நாம் கணக்குப் பார்க்காத தவறுகள்

"ராத்திரி சோத்த நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. ரெண்டு சப்பாத்திதான். இடுப்பு ஒரு இஞ்ச்கூடக் குறையலடி" என்று அத்தை அலுத்துக்கொண்டபோது அவர் கையில் டபரா நிறையக் காபி இருந்தது. காலையிலிருந்து அது நாலாவது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஐந்தாவது வரும்.

"காபியைக் கணக்குல சேர்த்தீங்களா அத்தை?"

"காபியில என்னடி இருக்கு? தண்ணிதானே!"

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் நம் வீடுகளில் முதல் வெட்டு சோற்றுக்குத்தான் விழும். காபி, டீயை யாரும் சாப்பாடாகவே நினைப்பதில்லை. அன்று அத்தையின் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்ததும், பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

பழியோ புகழோ, டிகாஷனுக்கு அல்ல

காபி குடித்தால் தொப்பை விழும் என்கிறார்கள் சிலர். காபி கொழுப்பைக் கரைக்கும் என்று வீடியோ போடுகிறார்கள் வேறு சிலர். பாலும் சர்க்கரையும் சேர்க்காத ஒரு கப் கறுப்புக் காபியில் ஏறக்குறைய 2 கலோரிதான் இருக்கிறது. வெறும் டீயும் அப்படியே. உடம்பு போட அதில் ஒன்றுமே இல்லை.

சரி, கரைக்குமா? காபியில் உள்ள கஃபீன், உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தியைக் கொஞ்சம் கூட்டுகிறது என்பது உண்மைதான். 1989-ல் வெளியான ஓர் ஆய்வில் 100 மில்லிகிராம் கஃபீன் கொடுத்ததும், அடுத்த இரண்டரை மணி நேரத்துக்கு அந்த எரிப்பு 3 முதல் 4 சதவீதம் கூடியிருந்தது. சதவீதத்தில் கேட்டால் நன்றாக இருக்கிறது. கலோரியில் போட்டுப் பாருங்கள். ஓய்வாக இருக்கும் ஒருவர் மணிக்கு 60 கலோரி எரிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை மணி நேரத்துக்கு 150. அதில் 4 சதவீதம் என்பது 6 கலோரி. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி இருக்கிறது. ஆக, ஒரு காபி சம்பாதித்துத் தருவதை ஒன்றரை கிராம் சர்க்கரை செலவழித்துவிடும். அது அரை ஸ்பூன்கூட இல்லை.

தொப்பையை மட்டும் குறிவைத்துக் கரைக்கும் பானம் என்று ஒன்று கிடையாது. கொழுப்பு எங்கிருந்து முதலில் இறங்கும் என்பதை வயது, பாலினம், பரம்பரை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நாம் குடிப்பது தீர்மானிப்பதில்லை. ஆனால் தொப்பையைப் பற்றிக் கவலைப்பட நமக்குக் காரணம் இருக்கிறது. இந்திய உடல்வாகில் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) என்ற ஆய்வு, 20 வயதைத் தாண்டியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகச் சொன்னது. நமக்கு இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்; அதற்கு மேல் போனால் சர்க்கரை நோய், இதய நோய் அபாயம் கூடுகிறது. எடை மெஷினில் ஏறுவதைவிட மாதம் ஒருமுறை டேப் வைத்து அளப்பது மேல்.

"ஒரு ஸ்பூன்" என்பது எத்தனை கிராம்?

அத்தை வீட்டில் நடந்த பெரிய தவறு இங்கேதான். அவர் காபிக்கு "ஒரே ஸ்பூன்" சர்க்கரைதான் போடுவார். தட்டையாக வழித்த டீஸ்பூனில் 4 கிராம் சர்க்கரை பிடிக்கும். அத்தை அள்ளும் ஸ்பூன் கோபுரம் போல நிற்கும். தராசில் கொட்டினோம், 8 கிராம். பால், ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட். "நீலப் பாக்கெட்டுல போட்டா கழனித்தண்ணி மாதிரி இருக்கு" என்பார். ஆரஞ்சு நிறைகொழுப்புப் பால், அதில் கொழுப்பு 6 சதவீதம். நீலம் சமன்படுத்திய பால், 3 சதவீதம். 100 மில்லிக்கு ஆரஞ்சில் ஏறக்குறைய 87 கலோரி, நீலத்தில் 60.

அவர் டம்ளரில் 100 மில்லி பால், 8 கிராம் சர்க்கரை. கூட்டினால் 120 கலோரிக்குப் பக்கம் வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர், 600 கலோரி. ஓர் இட்லி 60 கலோரி என்று வைத்தால் பத்து இட்லி. "பத்து இட்லியா! நான் என்னிக்காவது பத்து இட்லி தின்னிருக்கேனா?" என்று அத்தை என்னைத்தான் திட்டினார். இன்னொரு பக்கம், அவர் விட்ட ஒரு கப் சோறும், அதற்குப் பதில் எண்ணெய் விட்டுச் சுட்ட இரண்டு சப்பாத்தியும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று மாதம் சோற்றைத் தியாகம் செய்து அவர் மிச்சம் பிடித்தது எதுவும் இல்லை. எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சர்க்கரையை மட்டும் பார்த்தாலும் ஐந்து டம்ளரில் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராம் அளவுக்குக் குறைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்கச் செவிலியர்களையும் மருத்துவத் துறையினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் ஒரு கட்டுரை வந்தது. தினமும் ஒரு கப் சர்க்கரையில்லாக் காபியைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு நான்கு வருடத்தில் ஏறிய எடை 0.12 கிலோ குறைவாக இருந்தது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை கூட்டிக்கொண்டவர்களுக்கு 0.09 கிலோ கூடுதலாக இருந்தது. இரண்டும் சின்ன எண்கள்தான். ஆனால் நம் டம்ளரில் போவது ஒரு டீஸ்பூன் அல்லவே.

டீக்கடையில் ஒரு விஷயம். நாம் வாய் திறக்கும் முன்பே மாஸ்டர் கிளாஸில் சர்க்கரையைப் போட்டிருப்பார். "சர்க்கரை கம்மி" என்பதைக் கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் மெஷினில் அதுவும் முடியாது. பெரும்பாலும் தூளிலேயே சர்க்கரை கலந்து வருகிறது. வெந்நீரில் கொட்டிக் கலக்கும் காபிப் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் அச்சாகியிருக்கும். பல பொட்டலங்களில் முதல் பெயர் காபி அல்ல, சர்க்கரை.

வெள்ளைச் சர்க்கரையை விட்டாச்சே!

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறினால் உடம்பு குறையும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். கருப்பட்டிக் காபியின் மணத்துக்கு ஈடு கிடையாது. அது வேறு விஷயம். வெல்லத்தில் 100 கிராமுக்கு 380 கலோரி அளவில் இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையிலும் 400-ஐ ஒட்டித்தான். தேன் கனமானது, ஒரு டீஸ்பூனில் 7 கிராம் பிடிக்கும், 21 கலோரி. வழித்த ஒரு டீஸ்பூன் சர்க்கரையைவிட அதிகம். உடம்புக்கு நல்லது என்ற தைரியத்தில் கை தாராளமாகிவிடுவதும் உண்டு.

சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு மாத்திரை? எடையைக் குறைக்க அதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியை, அதாவது நம் கருப்பட்டியை, துளித்துளியாகக் கடித்துக்கொண்டே வெறும் தேத்தண்ணி (டீ) குடிக்கும் வழக்கம் இருக்கிறது. இனிப்பு நாக்கில் நேராகப் படுவதால் சின்னத் துண்டே போதும். டம்ளர் முழுக்கக் கரைத்தால் அந்தத் துண்டு இருந்த இடம் தெரியாது.

கிரீன் டீ, எலுமிச்சைக் காபி, நெய்க் காபி

கிரீன் டீயைப் பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2012-ல் தொகுத்துப் பார்த்தது. எடை குறைவது மிக மிகச் சொற்பம், உடல்நலத்துக்குப் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்பதுதான் முடிவு. பிடித்தால் குடிக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கத் தேவையில்லை. ஆனால் கிரீன் டீ சாற்றை மாத்திரையாக விழுங்குவது வேறு. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமை எட்டினால் ஈரல் பாதிப்புக்கான அறிகுறிகள் ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

எலுமிச்சைக் காபி கொழுப்பைக் கரைக்காது. நெய்க் காபியில் ஒரு மேசைக்கரண்டி நெய் என்றால் கூடுதலாகச் சுமார் 120 கலோரி சேர்கிறது. இவற்றுக்கு இதற்கு மேல் இடம் தர மனமில்லை.

காலைச் சாப்பாட்டுக்குப் பதில் ரெண்டு காபி

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையலை முடித்து, பதினொரு மணிவரை இரண்டு காபியில் ஓட்டும் அம்மாக்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். காபி பசியைக் கொஞ்ச நேரம் மந்தமாக்கும். அடங்கிய பசி மதியம் வட்டியோடு வரும். அப்போது கைக்கு எட்டியது எல்லாம் உள்ளே போகும். புரதம் இல்லாமல் இப்படியே நாள் கழிந்தால் எடை குறைந்தாலும் தசையும் சேர்ந்து போகிறது.

சாப்பாட்டோடு ஒட்டிக் குடிப்பதும் தவறு. காபி, டீயிலுள்ள டானின்கள் உணவிலிருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம் என்று ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தம் குறைந்த உடம்பை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதே மலைப்பு; வாக்கிங் எங்கே போவது?

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிறவர்கள் அதை விழுங்கிய கையோடு காபி குடிக்கிறார்கள். காபி அந்த மருந்தை உடம்பு உறிஞ்சவிடாமல் குறைக்கும். மருந்து சரியாகச் சேராவிட்டால் எடை இறங்காது, களைப்பும் போகாது. டோஸ்தான் ஏறிக்கொண்டே போகும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இது தெரியாமல் வருடக்கணக்கில் இரண்டையும் ஒன்றாக எடுத்திருக்கிறார்.

ஆறு மணிக் காபியும் பன்னிரண்டு மணித் தூக்கமும்

குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. படுக்கப்போவதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. அது பெரிய அளவுதான்; ஆனால் "காபி குடிச்சாலும் எனக்கு நல்லாத் தூக்கம் வரும்" என்கிறவர்களும் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்க்கலாம். தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடும், இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் மனம் தேடும். அன்றைக்கு டீயோடு இரண்டு பிஸ்கட் நாலாகும், வடை இரண்டாகும். டீயை மட்டும் கணக்கெழுதி வடையை விட்டுவிடுவதும் வழக்கமான தவறுதான்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கில் நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீன் எல்லை. 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120, இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. சிக்கரியில் கஃபீன் கிடையாது, எனவே சிக்கரி கலந்த தூளில் கொஞ்சம் குறையும். கர்ப்பிணிகள் 200-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

நாளையிலிருந்து காபியே கிடையாது!

இதுவும் தவறு. பல வருடப் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, எரிச்சல், சோர்வு ஆரம்பித்துச் சில நாள் இருக்கும். மூன்றாம் நாள் பழைய டம்ளரே திரும்பி வரும். அத்தையிடம் நான் காபியை விடச் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம் சர்க்கரையை மட்டும் ஸ்பூனின் கோபுரத்தை வழித்துப் போட்டார், 8 கிராம் 4 ஆனது. பிறகு நீலப் பாக்கெட். கழனித்தண்ணியாகத் தெரியாமலிருக்க டிகாஷனை முதல் டிகாஷனாகக் கெட்டியாக இறக்கி, பாலைப் பாதியாக்கினோம். மதியத்துக்கு மேல் குடிக்கும் இரண்டு டம்ளர்களை ஒவ்வொன்றாக விட்டார். இப்போது நாளுக்கு மூன்று, டம்ளருக்கு 50 கலோரிக்குள்.

600 இருந்த இடத்தில் 150. ஒரு கிலோ கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி; கணக்குப்படி பதினேழு நாளில் ஒரு கிலோ குறைந்திருக்க வேண்டும். உடம்பு அப்படி நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. நாலு மாதத்தில் அத்தையின் இடுப்பு 94-லிருந்து 91 சென்டிமீட்டருக்கு வந்திருக்கிறது. இரவில் மறுபடியும் ஒரு கப் சோறு சாப்பிடுகிறார், ரசம் விட்டு.