விளம்பரத்தை அலசும் முன் சத்தத்தை நிறுத்துங்கள்

கல்லூரி ஆங்கில வகுப்பில் வெகுஜனக் கலாச்சாரம் பற்றி எழுதச் சொன்னால், முழுப் படத்தை எடுத்துக்கொண்டு திணற வேண்டாம். 30 விநாடி விளம்பரம் ஒன்றே போதும். முதல் தடவை சத்தமில்லாமல் பாருங்கள். அடுத்து கண்ணை மூடிக் கேளுங்கள். மூன்றாவது இரண்டும் சேர்த்து. நோட்டில் நான்கு கட்டம்: விநாடி, ஷாட், பேச்சு, இசை.

சிவப்பழகு கிரீம் விளம்பரம் நல்ல உதாரணம். தொடக்கத்தில் மங்கலான வெளிச்சம், குனிந்த தலை. முடிவில் பளிச்சென்ற ஒளி, நிமிர்ந்த முகம். முகத்தின் நிறத்தோடு லைட்டிங்கும் மாறியிருக்கும். பாட்டு ஓடும்போது இது கண்ணில் படாது. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாற்றத்துக்கு முந்தைய விளம்பரம் ஒன்று, பிந்தையது ஒன்று எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எது மாறவில்லை என்று தேடுங்கள். கட்டுரை அங்கேதான் இருக்கிறது.

மார்க் போவது பெரும்பாலும் கதையைத் திருப்பிச் சொல்லிவிட்டு 'இது தவறு' என்று முடிப்பதில்தான். 'பெண்களை இழிவுபடுத்துகிறது' என்பது வெறும் தீர்ப்பு. 'வேலை கிடைக்கக் காரணம் படிப்பல்ல, நிறம் என்று 18-வது விநாடியில் வரும் ஷாட் சொல்கிறது' என்பது வாதம். ஷாட்டைக் காட்டி நிரூபிக்கலாம்.

பிரிட்டன் கலாச்சார ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் பிரித்த மூன்று வாசிப்புகளும், அதாவது பார்ப்பவர் ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளும் மூன்று விதங்களும், கைகொடுக்கும்: அப்படியே ஏற்பது, பாதி ஏற்பது, எதிர்ப்பது. அம்மாவிடமும் தங்கையிடமும் அதே விளம்பரத்தைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு வாசிப்பாவது வீட்டிலேயே கிடைத்துவிடும்.