மலைநாட்டுக் காணியில் வீடு: ஒரு தட்டா, மாடியா?

காணி கைக்கு வந்த அன்றே வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். மாடி வேண்டும் என்று பிள்ளைகள், என்னால் ஏற முடியாது என்று அம்மா, கையில் இருக்கிற சல்லிக்கு எது சரிவரும் என்று அப்பா. எங்கள் வீட்டிலும் ஆறு மாதம் இதைத்தான் பேசினோம், அதுவும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பேசினோம், ஒரு நாளாவது எல்லோருமாகக் காணியில் போய் நின்று பார்க்கவில்லை. மலையில் வீடு கட்டப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் ஆசையைப் பிறகு பேசலாம், காணி எவ்வளவு சரிவு என்று முதலில் அளந்து பாருங்கள்.

அளப்பது பெரிய வேலை இல்லை. மேசன் பாஸிடம் தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் இருக்கும். காணியின் மேல் பக்கம் ஒரு கம்பு, கீழ்ப் பக்கம் ஒரு கம்பு, நடுவில் நூல். மேல் கம்பின் அடியில் இருந்து, குழாயை வைத்து நூலை மட்டமாகப் பிடித்தால், கீழ்க் கம்பில் நூல் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் காணியின் ஏற்றம். எங்கள் காணி 3 அடிக்கு 1 அடி ஏறியது. முன்னிருந்து பின்னுக்கு 30 அடி வருகிற மாதிரி ஒரு தட்டு வீடு வைக்க அந்த இடத்தை வெட்டிச் சமப்படுத்தினால், பின்னால் 10 அடி உயரத்துக்கு மண் சுவர் மாதிரி நிற்கும். 30க்கு 30 என்றால் 900 சதுர அடி. அதே 900 சதுர அடியை 18 அடிக்கு 25 அடியாக இரண்டு தட்டில் வைத்தால் பின்னால் வெட்டுவது 6 அடிதான். 10 அடிக்கும் 6 அடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடதாசியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழை விடாமல் மூன்று நாள் பெய்யும்போது, பின் காம்பராவில் படுத்திருக்கிற ஆளுக்குத் தெரியும்.

வெட்டின மண்ணை முன்பக்கம் கொட்டி நிரப்பி, பாதி வீட்டை வெட்டின இடத்திலும் பாதி வீட்டை நிரப்பின இடத்திலும் வைக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. அப்படிச் செய்தால் பின்னால் வெட்டுகிற உயரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நிரப்பின மண் இறங்கும், வெட்டின பக்கம் இறங்காது. எங்கள் மாமா வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஹோலுக்கும் முன் காம்பராவுக்கும் நடுவில் சீமெந்துத் தரையில் முதலில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அடுத்த மழைக்காலம் முடிந்தபோது அதில் நகம் நுழைந்தது, அதற்கடுத்த வருடம் சுண்டுவிரல். முன் கதவைப் பூட்ட முடியாமல் மாமா கதவின் அடியை இரண்டு தடவை சீவினார். கதவு சரியாகத்தான் இருந்தது, நிலைதான் சாய்ந்துகொண்டு வந்தது. ஆகவே அத்திவாரம் முழுவதும் வெட்டின, இறுகின மண்ணில் நிற்க வேண்டும். நிரப்பின இடத்தை முற்றத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் விட்டுவிடுங்கள்.

இரண்டு தட்டு வைத்தால் பாரம் கூடி மலை சரிந்துவிடாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கிற சரிவுகளில் அநேகமானவை அடியை வெட்டியதாலும், தண்ணீர் போக வழி இல்லாமல் மண்ணுக்குள் இறங்கியதாலும் வருபவை. மலையே இறங்குகிற இடம் என்றால் ஒரு தட்டு, இரண்டு தட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை, அங்கே வீடு வைக்கக்கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் செய்ததையும் பார்த்த பிறகு இதை நான் விளக்கத் தேவையில்லை. மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் வீட்டுக்கு அனுமதி எடுக்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்பார்கள். பிளான் கீறுவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள். காணிக்கு மேலே நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா, மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றனவா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா என்று நீங்களும் ஏறிப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் வயதானவர்கள் இருந்தால் அந்த இடத்தில் முன்பு மண் இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள், அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எத்தனை தட்டு வைத்தாலும், தண்ணீர் ஓட வெட்டுகிற கான் இல்லாமல் வீடு இல்லை. தேயிலை மலையில் கான் வெட்டின கைகள்தான் நம்முடையவை, ஆனாலும் சொந்த வீடு கட்டும்போது அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். வெட்டுமுகத்துக்கு மேலே ஒரு கான், வீட்டுக்கும் வெட்டுமுகத்துக்கும் நடுவில் ஒரு கான், இரண்டும் கீழே பாதுகாப்பான ஓடையில் போய் விழ வேண்டும், பக்கத்து வீட்டுக் கூரையில் இல்லை. பின்னால் கட்டுகிற கல்கட்டில் தண்ணீர் வடிய குழாய்த் துண்டுகள் வைக்கச் சொல்லுங்கள், அதற்குப் பின்னால் சல்லிக்கல் போடச் சொல்லுங்கள். கல்கட்டு ஆள் உயரத்தைத் தாண்டினால் கண்மதிப்பில் கட்ட விடாதீர்கள், ஒரு பொறியியலாளரிடம் காட்டுங்கள்.

இனிக் காணியின் அளவு. தோட்டப் பகுதிகளில் தனி வீட்டுத் திட்டங்களில் பலருக்குக் கிடைத்தது 7 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், ஆக 7 பேர்ச் சுமார் 1,900 சதுர அடி. அதில் 900 சதுர அடி வீட்டை ஒரே தட்டாகப் பரப்பினால் பாதிக் காணி போய்விடும். மீதியில் மலசலகூடக் குழி, கான், கல்கட்டு, ஒழுங்கை, இதெல்லாம் போனால் ஒரு முருங்கை மரத்துக்குக்கூட இடம் மிஞ்சாது. 15, 20 பேர்ச்சில் சமமான காணி இருக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், ஒரு தட்டு வீடு வையுங்கள். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் அப்படிக் காணி கிடைக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் சரிவில் 7 பேர்ச் வைத்திருக்கிறவர்களுக்கு என்னுடைய கருத்து மாடிதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. கீழ்த்தட்டு மட்டுமே ஒரு முழு வீடாக இருக்க வேண்டும்: குசினி, ஒரு படுக்கைக் காம்பரா, உள்ளே ஒரு டொய்லட்.

இந்த நிபந்தனையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்மாவின் முழங்கால். முப்பது வருடத்துக்கு மேல் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினவர். இப்போது இஸ்தோப்பில் இருந்து முற்றத்துக்கு இறங்குகிற இரண்டு படிக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடது காலை வைத்து, அப்புறம் வலது காலை அதே படியில் சேர்த்து வைத்துத்தான் இறங்குகிறார். கீழ்த்தட்டு 10 அடி உயரம் என்றால் மேலே போக 18 படி வேண்டும், ஒரு படி ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ராத்திரி டொய்லட்டுக்கு ஒரு தடவை எழும்பினால் போக 18, வர 18. வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார்கள் என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், உலர்ந்த துணி எடுக்க, பிள்ளையைத் தூங்க வைக்க, மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்க. இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். ஒரு சாவு விழுந்தால் பெட்டியை வைக்கக் கீழே ஹோல் வேண்டும், வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும். வளைந்து போகிற மூன்றடிப் படிக்கட்டில் பெட்டியை இறக்குவது எவ்வளவு பாடு என்று தூக்கியவர்களைக் கேளுங்கள்.

படிக்கட்டு சும்மா வருவதில்லை. மூன்றடி அகலத்தில், நடுவில் திரும்புகிற மாதிரி வைத்தால் கீழே 60 சதுர அடிக்கு மேல், மேலே அதே அளவு. இரண்டையும் கூட்டினால் 10க்கு 12 லயத்துக் காம்பரா ஒன்றின் அளவு வருகிறது. ஒரு முழுக் குடும்பம் சமைத்து, படுத்து, பிள்ளை வளர்த்த இடம் அது. அதனால் படிக்குக் கீழே வெறுமனே விடாதீர்கள், விறகோ உருளைக்கிழங்கு மூட்டையோ வைக்க அடைத்துக் கட்டுங்கள். இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று படியை ஒன்பது அங்குலத்துக்கு உயர்த்துகிற ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம்.

குளிரைப் பற்றி ஒரு நல்ல செய்தி: மேல் காம்பராக்கள் பொதுவாகக் காய்ந்து இருக்கும். தரைக்குப் பக்கத்தில் இருந்து வருகிற ஈரம் அங்கே ஏறாது, கீழே அடுப்பெரிகிற சூடும் கொஞ்சம் மேலே வரும். சனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல் வெளுத்துப்போகிற அளவுக்குப் பனி விழும்போது இது பெரிய ஆறுதல். ஆனால் காற்றும் சாரலும் மேல்தட்டில்தான் அடிக்கும். தென்மேற்கு மழை மே மாதத்தில் தொடங்கி செப்டெம்பர் வரை ஹட்டன், வட்டவளைப் பக்கம் சாய்ந்து பெய்கிற மழை. ஒரு தட்டு வீட்டில் கூரையை மூன்றடி வெளியே இழுத்து விட்டால் சுவர் தப்பிக்கும். இரண்டு தட்டில் அந்தக் கூரை மேல் சுவரைத்தான் காப்பாற்றும், கீழ்ச் சுவர் நனையும், ஆகவே நடுவிலும் ஒரு சாய்ப்பு வேண்டும். கூரைத் தகரத்தை வளையோடு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், ஆணியை மட்டும் நம்ப வேண்டாம்.

பீலித் தண்ணீரில் வாழ்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஊற்றில் இருந்து குழாய் போட்டு வருகிற தண்ணீர், தன் தாங்கி இருக்கிற உயரத்துக்கு மேல் ஏறாது. மேல்தட்டு பைப்புக்கு அந்தத் தாங்கி எவ்வளவு மேலே இருக்கிறது என்று முன்பே பாருங்கள். இல்லையென்றால் அழகாக டைல் பதித்த மேல் குளியலறையில் வாளி தூக்க வேண்டிவரும்.

செலவைப் பொறுத்தவரை யாரும் ஒரே பதில் சொல்ல முடியாது. அதே சதுர அடிக்கு மாடி வீட்டில் கூரை ஏறக்குறையப் பாதியாகும், அத்திவாரத்தின் நீளமும் குறையும், ஆனால் தூண், பீம், சிலாப், கம்பி, பலகை, படிக்கட்டு எல்லாம் புதிதாக வரும். சமமான காணியில் ஒரு தட்டு மலிவு. சரிவான காணியில் மண் வெட்டுகிற கூலியையும் பெரிய கல்கட்டின் செலவையும் ஒரு தட்டு வீட்டின் கணக்கில் சேர்த்துப் பாருங்கள், அப்போது வித்தியாசம் வெகுவாகக் குறையும். லொறி வாசல் வரை வராத இடம் என்றால் மணலையும் சீமெந்தையும் தலையில் சுமக்கிற கூலி தனி. சிலாப் போடுவதை மழை குறைந்த மாதத்துக்கு வையுங்கள். ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டிய வேலை அது, நம் குளிரில் கொங்கிரீட் இறுகுவதும் மெதுவாகத்தான் நடக்கும், முட்டுகளை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது.

இப்போது கீழே, பிறகு சல்லி வரும்போது மேலே என்று நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். நல்ல யோசனைதான், ஆனால் அத்திவாரமும் தூண்களும் முதல் நாளே இரண்டு தட்டுக்குப் போட்டிருக்க வேண்டும், பிளானும் இரண்டு தட்டுக்குப் பிரதேச சபையில் பாஸாகி இருக்க வேண்டும். தூண் இல்லாமல் புளொக் கல்லில் எழுப்பிய வீட்டின் மேல் பிறகு ஒரு தட்டு ஏற்றுவது ஆபத்து. மேலே நீட்டி விடுகிற கம்பி 2 அடிக்குக் குறையக் கூடாது, அதைச் சீமெந்துக் கரைசல் பூசி மூடி வையுங்கள், மழையில் துருப்பிடித்துப் போன கம்பியில் யாரும் புதுத் தூணைத் தொடங்க முடியாது. சிலாப்பைத் திறந்து விட்டால் நம் மழைக்கு ஒழுகும், தற்காலிகமாகத் தகரமாவது போடுங்கள். காணிக்கு உறுதி கையில் இல்லாதவர்கள், தோட்டக் காணியில் இருக்கிறவர்கள், எழுத்தில் அனுமதி வாங்காமல் மாடிக்குச் செலவழிக்க வேண்டாம்.

தம்பிக்கும் எனக்கும் இது இரண்டு குடும்பமாகும் நாளையும் யோசித்தோம். அதனால் படிக்கட்டை ஹோலுக்குள் வைக்காமல் இஸ்தோப்புப் பக்கம் வைத்தோம், நாளைக்கு மேலே ஒரு கதவு போட்டால் தனி வீடு. எங்கள் பாஸ் அண்ணன் மண் வெட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யச் சொன்னார், அதை நீங்களும் செய்யுங்கள். 18க்கு 25க்கு முளை அடித்து, நூல் கட்டி, காம்பரா, குசினி, டொய்லட் எல்லாவற்றையும் சாம்பலால் நிலத்தில் கீறி, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க தம்பி, அவங்க நடந்து பார்க்கட்டும்" என்றார். அம்மா வந்தார், கட்டில் வருகிற இடத்தில் நின்றார், அங்கிருந்து டொய்லட் கதவு வரை மெதுவாக நடந்தார், பாதி வழியில் பிடிக்கச் சுவர் இல்லையே என்றார். டொய்லட்டை நான்கடி இந்தப் பக்கம் தள்ளினோம். மண்வெட்டி அதற்கு அடுத்த நாள்தான் நிலத்தில் விழுந்தது.