கொழும்பில் பல் பிடுங்குமுன்: எந்தக் குளிசை, எத்தனை, எதற்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ கொழும்பு வந்திறங்கியவருக்குப் பல்வலி வந்தால், கால் முதலில் போவது பாமசிக்குத்தான். பனடோல் கேட்டால் உடனே கிடைக்கும். அன்டிபயோட்டிக் கேட்டால் வைத்தியரின் துண்டைக் (மருந்துச் சீட்டை) கேட்பார்கள், சட்டமும் அதுதான். துண்டில்லாமல் நாலு குளிசை எண்ணிக் கொடுக்கும் கடைகளும் இல்லாமலில்லை. அப்படி வாங்கிப் போட்டவரின் வீக்கம் இரண்டு நாள் வற்றி, பத்தாம் நாள் முன்னைவிடப் பெரிதாக வந்து நிற்கும்.

காரணம் எளிது. குளிசை இரத்தத்தின் வழியாகத்தான் போக முடியும். சூத்தை (சொத்தை) ஆழமாகி உள்ளே நரம்பு செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே கிடையாது. வேர் நுனியில் கட்டிய சீழுக்குள்ளும் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. சுற்றியுள்ள தசையில் பரவும் கிருமியை மட்டுமே மருந்து அடக்கும். பல்லைப் பிடுங்கி, அல்லது வேர்ச் சிகிச்சை செய்து, சீழை வெளியேற்றினால்தான் விஷயம் முடியும். அதனால் வலி நின்றதும் சத்திரசிகிச்சைத் திகதியைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கே அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

எல்லாருக்கும் அன்டிபயோட்டிக் தேவையுமில்லை. வீக்கம் பரவினால், காய்ச்சல் அடித்தால், தாடைக்குக் கீழ் நெறி கட்டினால், வாய் திறக்கச் சிரமப்பட்டால் எழுதுவார்கள். வெறும் பல்வலிக்கு எழுதாமல் நேரே பிடுங்கலாம் என்று சொல்லும் வைத்தியர் அக்கறையில்லாதவர் அல்லர், ஒழுங்கானவர். சிலருக்கு மூன்று நாள் மருந்து போட்டுவிட்டு வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு: சீழ்ப்பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் விறைப்பு ஊசி சரியாக வேலை செய்யாது.

பொதுவாக எழுதுவது அமொக்சிசிலின் 500 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. 5 நாளைக்கு 15 குளிசை. காலை 6, பகல் 2, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் தூக்கமும் கெடாது. சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். கோ-அமொக்சிக்ளாவ் 625 என்றால் சாப்பிடத் தொடங்கும்போது போடுங்கள், வயிறு குழம்புவது குறையும். இவற்றுடன் மெட்ரோனிடசோல் 400 மி.கி. நாளுக்கு மூன்று தடவை சேர்ப்பதும் உண்டு. இது 200 மி.கி. குளிசையாகவும் வரும் என்பதால் ஒரு வேளைக்கு இரண்டு போடவேண்டி வரலாம். 15 குளிசை எதிர்பார்த்த இடத்தில் 30 வந்தால் பதறாதீர்கள். கடையை விட்டு வெளியே வருமுன் மில்லிகிராமைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே குளிசையை அட்டையோடு தராமல் எண்ணி, சிறு கடதாசி உறையில் போட்டுத் தருவது சாதாரணம். உறைமேல் கிறுக்கியிருப்பது பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ‘உதே’ என்றால் காலை, ‘தவல்’ பகல், ‘ரே’ இரவு. ‘கேமட்ட பஸ்ஸே’ சாப்பாட்டுக்குப் பின். இரண்டு மூன்று உறைகள் சேர்ந்தால் எதில் எது என்று குழம்பும். அங்கேயே மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிவிடுங்கள். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

மெட்ரோனிடசோல் போடும் நாட்களிலும் முடிந்து 48 மணி நேரம் வரையிலும் மது வேண்டாம். குமட்டல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரலாம். சாராயம் தொடாதவர்களும் அரிஷ்டம், சில இருமல் பாணி, சில வாய்கொப்பளிப்பு மருந்துகளைக் கவனிக்க வேண்டும். அவற்றிலும் மதுசாரம் உண்டு. (போயா எனப்படும் பௌர்ணமி நாளில் மதுக்கடை பூட்டு. சிலருக்கு அது ஒரு துணை.) வாயில் இரும்புச் சுவை வந்தால் பயப்படத் தேவையில்லை. இரத்தம் உறைவதைக் குறைக்கும் வாபரின் எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் மெட்ரோனிடசோலைத் தொடங்கவே கூடாது. இரத்தம் உறைவது மேலும் தாமதமாகி, பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காது.

பெனிசிலின் (அமொக்சிசிலினும் அந்த வகைதான்) ஒவ்வாமை இருந்தால் ‘பெனிசிலின் அசாத்மிகய்’ என்று சொன்னால் கடையிலும் விளங்கும். ஆனால் முன்பு அமொக்சிசிலின் போட்டு வயிற்றோட்டம் போனது ஒவ்வாமை அல்ல. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு வந்திருந்தால்தான் அந்தச் சந்தேகம். சும்மா ஒவ்வாமை என்று சொன்னால் கிளின்டமைசின் போன்ற மாற்று மருந்துக்குப் போவார்கள்; அதில் கடுமையான வயிற்றோட்டத்துக்கு வாய்ப்பு அதிகம். செயற்கை இதய வால்வு உள்ளவர்கள், முன்பு இதய உள்சவ்வில் கிருமித்தொற்று வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். அவர்களுக்குச் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன் ஒரே தடவையாக 2 கிராம் அமொக்சிசிலின் கொடுப்பது வேறு கணக்கு.

வலிக்குப் போடும் மருந்தில் இரண்டு இடறல் உண்டு. முதலாவது, ஊரிலிருந்து டோலோ 650 கொண்டுவந்தவர்கள் அதையும் பனடோலையும் மாறி மாறிப் போடுவது. இரண்டும் பரசிட்டமோல்தான். வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச எல்லை, அதாவது 500 மி.கி. பனடோல் 8.

இரண்டாவது டெங்கு. கொழும்பில் காய்ச்சலோடு பல்லும் வலித்தால் எல்லாப் பழியையும் பல்லின்மேல் போடாதீர்கள். முகத்தில் வீக்கமே இல்லாமல் காய்ச்சல், உடம்பு உளைவு, கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் இரத்தப் பரிசோதனை செய்து குருதிச் சிறுதட்டுகளின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பாருங்கள். அது தெரியும்வரை ஐபுப்ரோபன், டைக்ளோபெனாக், மெபனாமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், பனடோல் மட்டும். சிறுதட்டுகள் குறைந்த நிலையில் பல் பிடுங்குவது ஆபத்து.

அரச சிகிச்சைக்கு, லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகே வாட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தனியாரிடம் சனல் பண்ணினால் (முன்பதிவு செய்தால்) மாலை நேரமும் கிடைக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழ் பேசும் பல் வைத்தியரைத் தேடுவது கஷ்டமில்லை. கடைவாய்ப் பல்லுக்கு ஓ.பி.ஜி. படம் (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) கேட்பார்கள். மருந்து உறைகளையும் நீரிழிவு, இரத்த அழுத்தக் குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

விறைப்பு ஊசி மட்டும் என்றால் வெறும் வயிற்றோடு போகக்கூடாது; சாப்பிட்டு, காலை வேளைக் குளிசையும் போட்டுவிட்டுப் போங்கள். முழு மயக்கம் என்றால் வழக்கமாக 6 மணி நேரம் சாப்பாடு இல்லை, 2 மணி நேரம் தண்ணீரும் இல்லை. சத்திரசிகிச்சை முடிந்தாலும் மிச்சக் குளிசையை எப்போது நிறுத்துவது என்று வைத்தியரிடமே கேளுங்கள்.

கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பல்லில் வைக்கலாம், முரசில் (ஈறில்) ஊற்றினால் புண்ணாகும். வீங்கிய கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் வீக்கம் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காவிட்டால் பாமசியில் வேறு குளிசை கேட்காமல் வைத்தியரிடம் திரும்புங்கள். சீழை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். நாக்கு மேலே தள்ளினால், தாடைக்கு அடியில் இருபக்கமும் இறுகினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், கண் மூடும் அளவுக்கு வீங்கினால், மூச்சு முட்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற எண்ணை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள், படுக்காதீர்கள், எதுவும் சாப்பிடாதீர்கள்.