ரோடு சைக்கிளுக்கு முதல் ஷூ வாங்கும் முன்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போய் வர ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நிதானமாக ஓட்டினால் இரண்டு மணி நேரம். நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தால், ஒவ்வொரு காலும் 9,600 முறை பெடலை அழுத்துகிறது. சாதாரண ஷூவின் மெத்தென்ற அடிப்பாகம் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் வளையும். சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் வளையாது. பெடலைப் பிடித்துக்கொள்ளும் கிளீட் என்ற சிறு துண்டை அதன் அடியில் திருகிக்கொள்ளலாம்.

ஆனால் காலுக்குப் பொருந்தாத ஷூ எவ்வளவு விலை உயர்ந்தாலும் வீண். நான் முதலில் செருப்பு அளவை வைத்தே ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். ஆரல்வாய்மொழி போய்ச் சேர்வதற்குள் இரண்டு சுண்டுவிரலும் மரத்துவிட்டன.

முதல் வேலை, காலை அளப்பது

சாயங்காலம் அளவெடுங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால் காலையில் இருப்பதைவிடச் சற்று வீங்கியிருக்கும். நம் ஊர் வெயிலில் சைக்கிள் ஓட்டும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓட்டும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். சுவரோரம் ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரில் முட்ட அதன்மேல் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் கால் முழுதாக விரியாது. நீண்ட விரலின் நுனியில் ஒரு கோடு, பாதத்தின் அகலமான இடத்தில் இருபுறமும் ஒவ்வொரு கோடு. இரண்டு காலையும் அளந்து, பெரியதையே கணக்கில் எடுங்கள்.

இந்த மில்லிமீட்டரை அந்தந்த கம்பெனியின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஐரோப்பிய எண்ணில் 42க்கும் 43க்கும் இடையே 6.7 மி.மீ.தான். ஒரு கம்பெனியின் 42 இன்னொன்றில் அதே அளவாக இருப்பதில்லை. பாதம் அகலமானவர்கள் நீளத்தைக் கூட்டி வாங்காதீர்கள், குதிகால் வழுக்கும். அகலப் பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டு துளையா, மூன்று துளையா?

ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். மூன்று துளை என்றால் ரோடு வகை. அதன் கிளீட் பெரியது, அழுத்தம் அகலமாகப் பரவும். 1984இல் பிரான்சின் லுக் கம்பெனி, பனிச்சறுக்கு ஷூவைப் பிடிக்கும் கொக்கியிலிருந்து இந்த முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். இரண்டு துளை என்றால் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி கொண்டுவந்த எஸ்பிடி வகை. கிளீட் சிறியது, ரப்பர் அடிக்குள் புதைந்திருக்கும், நடக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இரண்டு துளைதான். நாம் இறங்காமல் ஓட்டுகிறவர்கள் இல்லை. டீக்கடையில் மட்டிப்பழம் சாப்பிட இறங்குவோம், மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடப்போம். மழைக்காலத்து ஈரத் தரையில் மூன்று துளைக் கிளீட்டோடு நடந்தால் வழுக்கும், கிளீட்டும் தேயும். எங்கும் இறங்காமல் நாலுவழிச் சாலையில் வேகமாகப் போவதே ஆசை என்றால் மூன்று துளையே சரி. எதுவானாலும் பெடல் அதே வகையாக இருக்க வேண்டும், ஒன்றின் கிளீட் மற்றதில் மாட்டாது.

அடிப்பாகம் நைலான் போதும். கார்பன் இன்னும் விறைப்பு, விலையும் அதிகம். பூட்டுக்கு வெல்க்ரோ பட்டை எளிது. திருகு டயல் இருந்தால் பாதம் வீங்கும்போது ஓட்டிக்கொண்டே தளர்த்தலாம்.

போட்டுப் பார்ப்பது

ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். வந்ததும் வீட்டுக்குள்ளேயே கால் மணி நேரம் போட்டிருங்கள். விரல்கள் அசைய வேண்டும், குதிகால் மேலெழக் கூடாது. பக்கவாட்டில் அழுத்தினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். போகப்போக இளகும் என்று நம்பாதீர்கள்.

கிளீட் பொருத்துவது

ஷூவைப் போட்டபடி பெருவிரலின் அடி எலும்பையும் சுண்டுவிரலின் அடி எலும்பையும் தடவிக் கண்டுபிடித்து, வெளியே பேனாவால் குறியுங்கள். பெடலின் அச்சு இந்த இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். திருகாணியை முடுக்க 4 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) போதும். திருகாணியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் ஓட்டினால் உப்புக்காற்றில் அது துருப்பிடித்து இறுகிவிடும். மூன்று துளை வாங்கியவர்கள் ஷிமானோ என்றால் மஞ்சள் கிளீட் எடுங்கள், குதிகால் 6 டிகிரி அசைய இடம் தரும். முட்டி வலித்தால் கிளீட்டின் கோணத்தைச் சிறிது மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் பழக்கம். பெடலின் பிடியை மிகத் தளர்வாக வைத்து, சுவரைப் பிடித்தபடி குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றிப் பழகுங்கள். ஐம்பது முறையாவது செய்த பிறகு ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். ரோட்டில், நிற்பதற்கு நாலு மிதி முன்பே ஒரு காலைக் கழற்றிவிடுங்கள். வடசேரிச் சந்தை நெரிசலுக்குள் முதல் வாரம் போக வேண்டாம்.

நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நனைந்த ஷூவை வெயிலில் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். உள்ளட்டையை உருவி, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதியதைத் திணித்தால் பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும்.