பூம்பாறைக்கு வந்து சேர்ந்த ஆறு எண்கள்

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் இருந்து மலைப்பூண்டு பற்றி நான் எழுதிவரும் இணையதளத்தில், தளம் நடத்துபவருக்கு விளம்பர வருமானம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டிருக்கிறேன். வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். சில வாரங்களில் வரவேண்டும். எனக்கு இரண்டு முறை வரவில்லை. நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும். அந்தக் கவலையில் தூக்கம் போச்சு.

தபால்கார அண்ணனிடம் முகவரியைக் காட்டினேன். "தம்பி, தெருப்பேரும் கதவு நம்பரும் போட்டா இங்க யாருக்குத் தெரியும்? அப்பா பேரைப் போடுங்க, குழந்தை வேலப்பர் கோயில் பக்கம்னு எழுதுங்க, போன் நம்பரையும் சேருங்க" என்றார். ஆட்சென்ஸ் கணக்கில் முகவரியின் இரண்டாவது வரியில் அப்படியே சேர்த்தேன். பெயரை மட்டும் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே விட்டேன், அதில் கைவைக்கக் கூடாது. பிறகு புது பின் கேட்டேன்.

பத்தொன்பதாம் நாள், பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். மழையில் ஓரம் நனைந்த சின்ன வெள்ளை உறை. ஓரத்தைக் கிழித்துப் பிரித்தேன், எண் தெளிவாக இருந்தது. அங்கேயே நின்று போனில் பதிந்தேன். இனி 100 டாலர் சேர்ந்தால் பணம் வங்கிக்கு வரும்.