ஜப்பான் வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வுக்கும் பட்டப்படிப்புக்கும் ஜப்பான் வரலாறு படிக்கிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. ஆண்டு மாறிப்போவது, பிரதமர் பெயர் குழம்புவது போன்றவற்றை நான் பெரிதுபடுத்துவதில்லை. புத்தகத்தைத் திறந்தால் சரியாகிவிடும். ஆனால் நான் படிக்கத் தொடங்கிய காலத்தில் சுற்றிக்கொண்டிருந்த சில தவறுகள் இன்றைக்கும் அப்படியே வந்துகொண்டிருக்கின்றன. புதிதாக எழுத வருகிறவர்கள் இவற்றையாவது தாண்டி வர வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் அப்படி ஒரு தவறு.

1853 வரை கதவு பூட்டியிருந்தது

இல்லை. நாகசாகியில் தேஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில் டச்சுக்காரர்கள் வணிகம் செய்தார்கள். அதே ஊரில் சீன வணிகர்களும் இருந்தார்கள். சுஷிமா பிரபு வழியாகக் கொரியாவோடும், சத்சுமா பிரபு வழியாக ரியூக்யூ தீவு அரசோடும் (இன்றைய ஒகினாவா) தொடர்பு இருந்தது. வெளியுறவை ஷோகன் எனப்படும் இராணுவ ஆட்சியாளரின் அரசு தன் பிடியில் வைத்திருந்தது என்று எழுதுங்கள், அது சரி. உள்நாட்டையும் மறந்துவிடாதீர்கள். ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. அங்கே அரிசி கைமாறாமலேயே, பின்னால் கணக்குத் தீர்க்கும் முறையில் வியாபாரம் நடந்தது. 1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்தபோது கடன், வட்டி, சந்தை விலை எல்லாம் பழகிப்போன ஒரு சமூகம் கரையில் இருந்தது.

மெய்ஜி என்றால் 1868

1868 ஷோகனிடமிருந்து மெய்ஜி பேரரசரின் பெயருக்கு ஆட்சி கைமாறிய ஆண்டு, அவ்வளவுதான். பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிந்து மாவட்டங்களானது 1871-இல். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம் 1873-இன் நிலவரி. விளைச்சலில் பங்காக அரிசி வாங்கும் பழைய முறை போய், நில மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாகக் கட்டச் சொன்னார்கள். நல்ல மகசூலோ பஞ்சமோ, அரசுக்கு வருமானம் உறுதி. சுமை விவசாயிகளின் தலையில். அவர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, 1877-இல் 2.5 சதவீதமாகக் குறைத்தார்கள். 'பேரரசர் சீர்திருத்தங்களைச் செய்தார்' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். 1868 தொடக்கத்தில் அவருக்கு 15 வயது. புதிய அரசை நடத்திய ஒகுபோ தொஷிமிச்சி, கிதோ தகாயோஷி போன்றவர்களின் பெயர்கள் அந்த இடத்தில் வர வேண்டும்.

சாம்பலிலிருந்து எழுந்த அதிசயம்

போருக்குப் பிந்தைய வளர்ச்சியை எழுதும்போது, 1949-இல் டாலருக்கு 360 யென் என்று மதிப்பை நிலைநிறுத்தியதையும், 1950-இல் கொரியப் போருக்காக அமெரிக்க இராணுவம் கொடுத்த ஆர்டர்களையும் சொல்லாமல் 1960-இன் வருமான இரட்டிப்புத் திட்டத்துக்குத் தாவாதீர்கள்.

பிளாசா ஒப்பந்தம் ஜப்பானை அழித்தது

டாலரின் மதிப்பை இறக்க ஐந்து நாடுகள் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் செய்த ஒப்பந்தம் அது. இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுகிற தவறு. 'அமெரிக்கா 1985-இல் மிரட்டிக் கையெழுத்து வாங்கியது, யென் ஏறியது, பங்கு விலையும் நில விலையும் ஊதிப்போன குமிழி வந்தது, வெடித்தது, ஜப்பான் முடிந்தது.' நான்கு காணொளிகள் பார்த்தால் மூன்றில் இந்தக் கதைதான். ஒரு மாணவர் இதையே ஐந்து பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவந்தார். "மேற்கு ஜெர்மனியும் அதே மேஜையில் கையெழுத்துப் போட்டதே, மார்க்கும் டாலருக்கு எதிராகக் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியதே, அங்கே ஏன் இப்படி ஆகவில்லை?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவர் படித்த எதுவும் எழுப்பியிருக்கவில்லை.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கில் ஐந்து நாடுகள் ஒப்புக்கொண்டன. 240 அருகே இருந்த டாலர், 1987 முடியும்போது 120 யென் அளவுக்கு வந்துவிட்டது. ஏற்றுமதியாளர்களுக்கு உண்மையிலேயே அடிதான். ஆனால் அதற்கு என்ன மருந்து கொடுப்பது என்று முடிவு செய்தது டோக்கியோ. பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்கும் பிடிவாதத்தில் இருந்த நிதி அமைச்சகம் செலவைக் கூட்டத் தயங்கியது. பாரம் முழுக்க மத்திய வங்கியான ஜப்பான் வங்கியின் மேல் விழுந்தது. 1986 ஜனவரி முதல் 1987 பிப்ரவரி வரை ஐந்து முறை வட்டியைக் குறைத்து, 5 சதவீதத்திலிருந்து 2.5-க்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1989 மே வரை அங்கேயே வைத்திருந்தார்கள்.

இதற்கிடையில் நிதிச் சந்தை தளர்த்தப்பட்டதால் பெரிய கம்பெனிகள் நேரடியாகச் சந்தையில் பணம் திரட்டத் தொடங்கின. நல்ல வாடிக்கையாளர்களை இழந்த வங்கிகள், நிலத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்தன. நில விலை இறங்கவே இறங்காது என்பது அன்றைய நம்பிக்கை. 1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோ பங்குக் குறியீடான நிக்கேய் 38,915 என்ற உச்சத்தில் முடிந்தது. 1990 ஆகஸ்டுக்குள் வட்டி 6 சதவீதம். அதே ஆண்டு நிலக் கடனுக்கு அமைச்சகம் உச்சவரம்பு வைத்தது. ஆனால் வீட்டுக்கடன் நிறுவனங்களை அதிலிருந்து விட்டுவிட்டது. விவசாயக் கூட்டுறவுகளின் பணம் அந்த வழியாக நிலத்துக்குப் பாய்ந்தது. அந்த நிறுவனங்களை மூடுவதற்கு 1996-இல் மக்கள் வரிப்பணத்திலிருந்து 68,500 கோடி யென் எடுக்க வேண்டியதாயிற்று.

குமிழி வெடித்தது ஒரு விபத்து என்றால், அதற்குப் பிறகு வாராக்கடனை மறைத்துவைத்த ஆண்டுகள்தான் நோய். பெரிய பங்குத் தரகு நிறுவனமான யமாய்ச்சி செக்யூரிட்டீஸ் நட்டங்களைத் தன் கணக்கிலிருந்து பெயரளவுக்கு மட்டுமே இருந்த நிறுவனங்களுக்குத் தள்ளிவிட்டு, 26,000 கோடி யென்னுக்கு மேல் ஒளித்துவைத்திருந்தது. 1997 நவம்பர் 24 அன்று, தன் நூறாவது ஆண்டில், அது கடையை மூடியது. தலைவர் நோசாவா ஷோஹேய் செய்தியாளர்கள் முன் எழுந்து நின்று, தவறு எங்களுடையது, ஊழியர்கள் மேல் குற்றமில்லை என்று சொல்லித் தேம்பி அழுதார். அவர் அந்தப் பதவிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த அழுகைக்குப் பின்னால் இருப்பது பிளாசா ஓட்டலின் மேஜை அல்ல. ஆண்டுக்கணக்காகப் பொய்க் கணக்கை எழுதியவர்களும், கண்டும் காணாமல் இருந்தவர்களும்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பிளாசாவோடு கதையை முடித்துவிட்டால் வட்டி, வங்கி மேற்பார்வை, கணக்கு வெளிப்படைத்தன்மை என்று கற்றுக்கொள்ள வேண்டிய அத்தனையும் காணாமல் போகிறது. யுவான் மதிப்பு பற்றிச் சீனாவில் விவாதம் எழும்போதெல்லாம் இந்தக் குறைக்கதை எடுத்துக்காட்டாக வருகிறது. நாணயம் ஏறினாலே நாடு அழியும் என்று நம்பி ஒரு அரசு கொள்கை வகுத்தால், அதன் விலை மாணவரின் மதிப்பெண்ணோடு நிற்காது.

எல்லாம் வணிக அமைச்சகம் செய்தது

ஜப்பானின் தொழில் வளர்ச்சி முழுவதையும் இந்த அமைச்சகத்தின் கணக்கில் எழுதாதீர்கள். 1960-களின் தொடக்கத்தில் அது கார் கம்பெனிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. அப்படியிருந்தும் ஹோண்டா 1963-இல் கார் விற்கத் தொடங்கியது.

ஒரே கட்சிதான் எப்போதும் ஆண்டது

லிபரல் டெமாக்ரடிக் கட்சி ஆட்சியை இழந்த ஆண்டுகள் 1993, 2009. இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள்.

'இழந்த பத்தாண்டு' 2000-இல் முடிந்தது

குமிழி வெடித்த பிறகு வந்த தேக்கத்துக்குத்தான் இந்தப் பெயர். வேலையின்மை 5.5 சதவீதத்தைத் தொட்டது 2002-இல். பெரிய வங்கிகளின் வாராக்கடன் விகிதம் 2002-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது 2005 மார்ச்சில். நிக்கேய் தன் பழைய உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். எந்த ஆண்டில் முடிந்தது என்று எழுதினாலும் சரி, எதை அளவாக வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதை அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.