கவச டைனோசர் எலும்புக்கூடு: எங்கே தேடுவது, எப்படி வரைவது

ஆன்கிலோசாரஸ் எலும்புக்கூடு என்று தேடினால் படங்கள் வந்து கொட்டும், ஆனால் அந்த விலங்கின் முழு எலும்புக்கூடு இதுவரை கிடைக்கவே இல்லை. மண்டையோடு, சில முள்ளெலும்புகள், வால் குண்டு, கொஞ்சம் கவசம் என்று துண்டு துண்டாகத்தான் இருக்கிறது; மீதியை உறவுக்கார இனங்களைப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். அதனால் முதல் படத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

ஸ்டெகோசாரஸில் ஆரம்பியுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் 'சோஃபி' பற்றி 2015இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த கட்டுரையை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மண்டையோடு தவிர மற்ற எலும்புகளை எல்லாம் படத்தோடு விவரித்திருக்கிறார்கள். அப்புறம் புதைபடிவ ஆய்வாளர் கில்மோர் 1914இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு மாதிரியில் (அதாவது ஒரு தனி விலங்கின் புதைபடிவத்தில்) முதுகுத் தட்டுகள் அதிகம் கலையாமல் கிடைத்ததால், அவை மாறி மாறி இரண்டு வரிசையாக நின்றது அதில் தெரிகிறது. ஸ்டெகோசாரஸுக்குப் பெயர் வைத்த மார்ஷ் 1891இல் வெளியிட்ட படத்திலோ ஒரே வரிசைதான். அது அழகான படம், ஆனால் அதைப் பார்த்து வரையாதீர்கள்.

எந்தப் படம் கிடைத்தாலும் அது எந்த மாதிரியை வைத்து வரைந்தது என்று பாருங்கள். அருங்காட்சியகம் அதற்குக் கொடுத்த மாதிரி எண் இல்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள். இன்னொருவர் வரைந்ததன் மேலேயே கோடு போட்டால் அவர் தவறும் சேர்ந்து வரும், அது அவருடைய உழைப்பும் கூட. அளவுகளை எடுத்துக்கொண்டு நீங்களே வரையுங்கள். அருங்காட்சியகத்தில் புகைப்படம் எடுப்பதானால் தூரமாகப் போய் ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் தலை பெருத்து, வால் சிறுத்துப்போகும்.

ஸ்டெகோசாரஸ் கைவந்த பிறகு ஆன்கிலோசார்களுக்கு, அதாவது ஆன்கிலோசாரஸும் அதன் உறவுக்கார இனங்களும் சேர்ந்த குழுவுக்கு, வாருங்கள். இவற்றுக்கு மேலிருந்து பார்க்கும் படத்தைத்தான் முதலில் வரைய வேண்டும். இடுப்பெலும்பு கூரை மாதிரி பக்கவாட்டில் விரிந்திருக்கும், விலா எலும்புகளும் வெளிப்பக்கமாக நீண்ட பிறகுதான் கீழே வளையும், இந்த அகலம் பக்கவாட்டுப் படத்தில் தெரியவே தெரியாது. அதனால்தான் நிறையப் பேர் வரையும் ஆன்கிலோசார் உயரமாகவும் ஒடுங்கியும் வருகிறது. தொடை எலும்பின் நீளத்தை அளவாக வைத்து, முள்ளெலும்புகளை இடையில் குருத்தெலும்புக்குக் கொஞ்சம் இடம் விட்டு அடுக்குங்கள். வால் நுனியில் குண்டு உள்ள இனங்களில் வாலின் பின்பகுதி முள்ளெலும்புகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கும், அந்தப் பகுதியைச் சாட்டை போல வளைக்கக் கூடாது.

கவசத்தைத் தனி லேயரில் வரையுங்கள். அது தோலுக்குள் வளர்ந்த எலும்பு, பெரும்பாலும் எலும்புக்கூட்டோடு ஒட்டியது இல்லை. செத்த பிறகு தோல் அழுகினால் எல்லாம் சிதறிவிடும். இடம் கலையாத மாதிரிகளுக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். 2011இல் ஆல்பர்ட்டா சுரங்கம் ஒன்றில் கிடைத்த போரியலோபெல்டா என்ற ஆன்கிலோசாரில் உடலின் முன்பாதி கவசம் அப்படியே இருக்கிறது, எலும்பின் மேலிருந்த கெரட்டின் (நகம், கொம்பு போன்றவை ஆன பொருள்) உறையும் சேர்த்து. அதைப் பார்த்தால் தோள் முள் அதன் உள்ளிருக்கும் எலும்பைவிட எவ்வளவு நீண்டிருந்தது என்று புரியும். எனவே எலும்புக்கு ஒரு கோடு, உறைக்கு வெளியே இன்னொரு கோடு. ஸ்டெகோசாரஸ் தட்டுகளையும் முள்ளெலும்பு நுனியில் நேராக உட்கார வைக்காமல் நடுவில் தோலுக்கும் தசைக்கும் இடம் விடுங்கள்.

கடைசியில், கிடைத்த எலும்புகளை வெள்ளையாகவும் ஊகித்தவற்றைச் சாம்பல் நிறத்திலும் நிரப்பி, பின்னால் உடலின் கறுப்பு நிழலுருவைப் போட்டு, கீழே ஒரு மீட்டர் அளவுகோலும் மாதிரி எண்ணும் எழுதிவிடுங்கள்.